பால் பல் விழும்வரை

இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளில் ஒன்று, நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. வலி எப்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, இருமினால் கூடுகிறதா, கால் மரத்துப்போகிறதா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "யாராவது மிதிச்சாங்களா?" என்பேன். திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களில் பலர் இதற்குச் சிரித்துவிடுவார்கள். சிலர் கூட வந்தவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். கூட வந்தவர் மின்விசிறியைப் பார்ப்பார். பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

நான் யாரையும் திட்டுவதில்லை. ஏழு வயதுவரை எங்கள் ஊரில் மிதிக்கிற வேலையைப் பார்த்தவளே நான்தான்.

கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் அப்படிப் பிறந்தவள். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் என்னை வெளியே எடுப்பதற்குள் அம்மா செத்துப் பிழைத்தாளாம். ஆனால் பனமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு அந்தச் சேதி நல்ல சேதியாகத்தான் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா தொட்டிலில் கிடந்த என்னை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்பம்மா நடக்கும்?" என்று கேட்டாராம். அவருக்கு அப்போதே இடுப்பு வலி.

நான் நடக்கத் தொடங்கியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். களையெடுத்துக் குனிந்தவர்கள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கியவர்கள், சித்தாள் வேலைக்குப் போய்க் கல் சுமந்தவர்கள். வந்தவர் வாசலில் கிழக்கே தலைவைத்துக் குப்புறப் படுப்பார். அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் இடது குதிகாலால் வலிக்கிற இடத்தை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். கூலியாக முறுக்கோ கமர்கட்டோ கிடைக்கும். பெரும்பாலான இடுப்புப் பிடிப்பு சில நாட்களில் தானாகவே குறைந்துவிடும் என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தச் சில நாட்களின் பெருமை முழுவதும் என் இடது காலுக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் காலை நான் மிகவும் மதித்தேன். பள்ளிக்கூட வரிசையில் யாராவது தெரியாமல் அதை மிதித்துவிட்டால் அடிக்கப் போவேன். வலது செருப்பு மட்டும் மிஞ்சிப்போன ஒரு கோடையில் அதை இடது காலில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

எங்களோடு என் தாய்மாமா இருந்தார். விழுப்புரம் கமிட்டியில், அதாவது மல்லாட்டையும் நெல்லும் ஏலம் போகும் இடத்தில், மூட்டை தூக்குகிறவர். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்ததால் எங்கள் வீடு மாமாவின் முதுகிலும் அம்மாவின் கையிலும்தான் ஓடியது. மாமாவுக்கு இன்னொரு தொழிலும் உண்டு, கபடி. எங்கள் ஊர் டீமில் ரெய்டு போகிறவர் அவர்தான்.

எனக்கு ஏழு வயதான வருஷம் காணும் பொங்கலன்று எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஆட்டம் நடந்தது. ரெய்டு போன மாமாவை எதிராளிகள் கூட்டமாக விழுந்து அமுக்கினார்கள். அதற்குள் அவர் கை நடுக்கோட்டைத் தொட்டுவிட்டதால் புள்ளி எங்களுக்குத்தான் கிடைத்தது. ஆனால் மாமா எழுந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை திருவக்கரைப் பக்கம் இறுதி ஆட்டம். அதற்குள் பிடிப்பு விட வேண்டும் என்று டீமே அவரைத் தாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. நான் காலைக் கழுவிக்கொண்டு தயாராக நின்றேன்.

"பாப்பா, இந்தத் தொட்டுத் தொட்டு எடுக்கற வேலயெல்லாம் இன்னிக்கி ஆவாது. மேல ஏறி நில்லு" என்றார் டீமில் ஒருவர்.

"டேய், கொழந்தடா அது. பார்த்து" என்றாள் அம்மா.

"யக்கா, மூட்ட தூக்கற முதுகு. பாப்பா இன்னா வெயிட்டு? அர மூட்ட மல்லாட்ட கூட வராது."

மாமா தரையில் முகத்தை வைத்தபடியே, "ஏறு பாப்பா, மாமா தாங்குவேன்" என்றார்.

முதல்முறையாக இரண்டு காலையும் வைத்து ஒருவர் முதுகில் ஏறி நின்றேன். சுற்றிலும் பெரிய பெரிய ஆட்கள் என்னையே பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது சும்மா இறங்கிவிட மனசு வருமா? ஒரு குதி குதித்தேன். உள்ளே ஏதோ 'கடக்' என்றது. "வுட்டுச்சுடா புடிப்பு!" என்று எல்லோரும் விசில் அடித்தார்கள். மாமா மெதுவாக எழுந்து, "போச்சு, சரியாப் போச்சு" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. என் சக்தியை நினைத்து அசந்துபோயிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மாமாவால் கட்டிலிலிருந்து காலை இறக்க முடியவில்லை. இடுப்பிலிருந்து பாதம்வரை கம்பியைச் சூடுபண்ணி இழுத்த மாதிரி இருக்கிறது என்றார். அம்மா வேலைக்குப் போகாமல் அவரை விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்னைத் தனியே விட முடியாததால் நானும் போனேன். பஸ்ஸில் இடம் இருந்தும் மாமாவால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். அவருடைய ஜன்னல் சீட்டில் நான் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் பார்த்துவிட்டு எங்களை வராந்தாவின் கடைசி அறைக்கு அனுப்பினார். அந்த அறையில் ஊசி வாசனை இல்லை. பெரிய பந்து ஒன்று இருந்தது. ரப்பர் பட்டைகள் தொங்கின. நடுவில் மரப்படிக்கட்டு ஒன்று, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. மேலே மாடியும் இல்லை, கதவும் இல்லை. எங்குமே போகாத படிக்கட்டை எதற்குக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

வெள்ளைக் கோட்டு போட்ட அக்கா ஒருத்தர் மாமாவைப் படுக்கவைத்து, நீட்டிய காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தார். ஒரு கட்டத்தில் மாமா பல்லைக் கடித்தார்.

"எப்படிண்ணா ஆச்சு?"

"கபடியில வுழுந்துட்டேங்க."

"அப்பறம்?"

"அப்பறம் ஒன்னுமில்லீங்க."

"யாராவது மிதிச்சாங்களா?"

மாமா சுவரைப் பார்த்தார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரே கொண்டாடும் வைத்தியம், படித்த ஒருவரே முன்வந்து அதை விசாரிக்கிறார், இவர்கள் இரண்டு பேரும் என் பெயரைச் சொல்லாமல் மறைக்கிறார்கள்.

"நான்தான் மிதிச்சேன்" என்றேன் சத்தமாக. "நான் கால் முன்னாடி பொறந்தவ. ஏறி நின்னு குதிச்சேன்."

"சின்னப் பொண்ணுங்க, எதனா ஒளறும்" என்றார் மாமா அவசரமாக. "அது ஒன்னும் பண்ணலீங்க. லோடு எறக்கும்போதே லேசா இருந்துச்சு."

மாமா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. என் புகழைத் திருடுவதற்காகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அந்த அக்கா என் முகத்தையும் மாமாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பாப்பா, அந்தப் படியில ஏறி எறங்கி வெளையாடறியா?" என்றார். நான் ஏறினேன். உச்சியில் நின்று பார்த்தபோது அவர் தணிந்த குரலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மாமா ஒரு தடவை என் பக்கம் பார்த்துவிட்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். தினமும் நானே அதைச் சொல்கிறேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது, அது பிதுங்கி நரம்பைத் தொட்டால் வலி காலுக்கு இறங்கும். அதை மிதித்து உள்ளே தள்ள முடியாது. நாள் முழுக்கப் படுத்தே கிடக்கக் கூடாது, தாங்குகிற அளவுக்கு நடக்க வேண்டும். குனிந்து பாரம் தூக்கக் கூடாது. கால் துவண்டாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ அன்றைக்கே ஓடிவந்துவிட வேண்டும். மாமாவுக்குக் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் பயிற்சியைக் கொடுத்திருந்தார். வலி குறையக் குறைய, நின்றபடி பின்னால் வளைய வேண்டும். அதுவரை மூட்டையும் கிடையாது, கபடியும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீம் தோற்றுப்போய் வந்தது. திங்கட்கிழமை அம்மா தண்ணீர்க் குழாயிலிருந்து பாதிக் குடத்தோடு திரும்பினாள். "பாப்பா மிதிச்சித்தான் அவன் படுத்துட்டான்னு பேசிக்கினு இருக்காளுங்கடா" என்று மாமாவிடம் சொன்னாள். அதுவும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. படுத்தவர்களைத்தானே நான் மிதிப்பேன்?

மாமா ஊர்க்காரர்களின் கேலிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் பயிற்சி செய்தார். ஒரு நாள் கதவைத் தள்ளிப் பார்த்தேன். குப்புறப் படுத்திருந்தார். என்னைக் கூப்பிட வெட்கப்பட்டுக் காத்திருக்கிறார் என்று முடிவு செய்து, பழைய கோபத்தை மன்னித்து, சத்தமில்லாமல் போய் இடது காலைத் தூக்கினேன். நிழலைப் பார்த்தவர் அப்படியே ஒரு பக்கம் உருண்டார்.

"அய்யோ தாயே, வேணாம்! ஒன் காலுல வுழறேன், வேணாம்!"

அப்படி என்னிடம் யாரும் சொன்னதே இல்லை. வாயை முழுக்கத் திறந்து அழுதேன். என்னைச் சமாதானப்படுத்தப் பக்கத்தில் இழுத்த மாமா, திடீரென்று என் வாயையே உற்றுப் பார்த்தார். "பாப்பா, இந்தக் கீழ்ப்பல்லு ஆடுதா?" என்றார். ஆடியது. அவர் அதை விரல் நுனியால் ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

அந்த வாரமே பக்கத்து வீட்டுப் பெரியப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். எனக்கு உயிர் வந்தது. மாமா மெதுவாக நடந்து வெளியே வந்து சொன்னார்:

"அண்ணா, இனிமே பாப்பா மிதிக்கக் கூடாது. பால் பல்லு இருக்கற வரைக்கும்தான் அந்தச் சக்தி. இப்ப பல்லு ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஆடற நேரத்துல மிதிச்சா ஏறுக்குமாறாப் போயிடும். எனக்கே அப்படித்தான் ஆச்சு, பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல."

"யார்றா சொன்னது ஒனக்கு?"

"மேல்மலையனூர்ல, அம்மன் கோயில் அமாவாச கூட்டத்துல, ஒரு சாமியாடி."

மேல்மலையனூர் என்றதும் பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப நான் இன்னாடா பண்றது? பேஜாரா கீதே" என்றார். "விழுப்புரத்துல ஒரு ரூமு இருக்குது, நான் இட்டுக்கினு போறேன்" என்றார் மாமா. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு மாறிவிட்டது. குழாயடியில் இப்போது எல்லோரும் என் பல்லைப் பற்றித்தான் பேசினார்கள். பாவம், ஆடுற பல்லு பண்ண வேலை, அந்தப் பாப்பா என்ன பண்ணும்?

நான் பல்லைக் காப்பாற்ற முடிவு செய்தேன். நாக்கால் அதைத் தொடவில்லை. முறுக்கைத் தொடவில்லை. மற்றப் பிள்ளைகள் கரும்பு கடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை உதடு அசையாமல் சொல்லி டீச்சரிடம் திட்டு வாங்கினேன். கேப்பைக் களிதான் மெல்லாமல் விழுங்கக்கூடியது என்று கணக்குப் போட்டு, களியாகவே கேட்டுச் சாப்பிட்டேன். கடைசியில் அந்தக் களியே பல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டது. உருண்டைக்கு நடுவில் அரிசி மாதிரி வெள்ளையாக உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வாசலில் யாரும் குப்புறப் படுக்கவில்லை. பெரியப்பா விழுப்புரம் போய் வந்தார். கணுக்கால் பிசகிய கபடிக்காரர் ஒருவரும் போனார். அவரை நாலு பேர் பிடித்துக் காலை இழுத்துச் சுளுக்கு எடுக்கப் போனபோது, மாமா குறுக்கே நின்று, துணியில் ஐஸ் சுற்றிக் கட்டி, காலை உயர்த்தி வைத்து, பஸ் ஏற்றினார்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பிசியோதெரபி படிக்கச் சேர்ந்த வருஷம், அந்தச் சாமியாடி யார் என்று மாமாவிடம் கேட்டேன். "சாமியாடியும் இல்ல, ஒன்னும் இல்ல. ஒன் வாயிலதான் பார்த்தேன், ஆடிக்கினு இருந்துது" என்றார். இப்போது ஊரில் யாருக்காவது இடுப்பு பிடித்தால், "திண்டிவனத்துக்குப் போங்க, பாப்பாவுக்குத்தான் பல்லு திரும்ப மொளைச்சிடுச்சே" என்று அனுப்பி வைக்கிறார்.

ஆனால் பல் விழுந்த அன்றைக்கு எனக்கு உலகமே முடிந்துபோயிருந்தது. விழுந்த பல்லைச் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும். நான் மாட்டேன் என்றேன். உள்ளங்கையில் மூடிவைத்துக்கொண்டு அழுதேன். மாமாதான் என் விரல்களைப் பிரித்து அதை வாங்கினார். சாணியில் உருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, பின்னால் நன்றாக வளைந்து, ஒரு முனகலும் இல்லாமல் ஓங்கி எறிந்தார். அது கூரையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. அம்மா கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் சக்தி போனதற்காகத்தான் அவளும் அழுகிறாள் என்று நினைத்தேன். நான் பல் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தது மாமாவின் முதுகை.