பெட்டி வேண்டாம் என்றவர்

என் கணவர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். "நான் செத்தா பெட்டியில போடாதே. கோரைப்பாயில சுத்திப் பொதைச்சிடு. மண்ணுக்கு எதுக்கு வார்னிஷும் ஆணியும்?" என்று பலமுறை சொல்லியிருந்தார்.

அவர் இறந்த அன்று பல்லாவரத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். பித்தளைக் கைப்பிடி வைத்த பளபளக்கும் பெட்டியும் கூடவே வந்து இறங்கியது. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள்கூட எட்டிப் பார்க்காத மனிதர்!

என் மகள் பாயைப் பற்றிச் சொன்னதும், "பாயா? பிச்சைக்காரனையா பொதைக்கிறோம்? சர்ச்சுல சிரிப்பாங்க," என்றார். சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர் எதிரில் வாய் திறந்தே பழகாத நானும் ஆட்டினேன்.

பெட்டி கொண்டுவந்த கடைக்காரர்தான் என் முகத்தைப் பார்த்தார். தாம்பரத்தில் அவர் கடையைக் கண்டாலே அருவருப்போடு எதிர்ப்பக்கம் போகிறவள் நான்.

"இன்னாம்மா, உனக்கு இஷ்டம்தானா? உன் வூட்டுக்காரரு. நீ சொல்லு."

"கோரைப்பாய்தான்," என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கேட்டுச்சா சார்? அம்மா சொல்ட்டாங்க," என்று பெட்டியைத் தானே வண்டியில் திருப்பி ஏற்றினார்.

என் கணவர் ஆசைப்படியே பாயில் போனார். அண்ணன் இன்றும் என்னைக் கஞ்சப்பிசினாறி என்று ஊரெல்லாம் சொல்கிறார். அந்த வெட்டி ஜம்பத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் கடைக்காரர் கேட்டிராவிட்டால் நானும் அழுதுகொண்டே அந்தப் பெட்டிக்குப் பின்னால் நடந்திருப்பேன். அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது.