என் பையனுக்கு வேறு குரல்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை மட்டுமே வைத்துப் பிழைத்தவள். ஜப்பான் அனிமே தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது என் வேலை. இடையிடையே வீடியோ கேம்களும் வரும். ஒருநாள் வீட்டில் மைக் முன்னால் அம்பு பட்டு, தீப்பட்டு, மலையிலிருந்து உருண்டு என்று வகைவகையாக அலறிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து, "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கோங்க, பொம்பளய அடிக்காதீங்க" என்று என் கணவரைத் திட்டிவிட்டுப் போனார். மனிதர் செராமிக் கம்பெனியில் களிமண் அரைத்துவிட்டு அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றியிருந்தார், பாவம்.

சின்னப் பையன்களுக்குப் பெண்கள் பேசுவது இந்தத் தொழிலின் வழக்கம். ஒரு தொடரில் வரும் வாயாடிப் பையனுக்குப் பல வருடங்களாக நான்தான் பேசினேன். அவனுடைய தும்மல், விக்கல், அழுகை எல்லாம் என்னுடையவை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அவனை 'என் பையன்' என்றுதான் சொல்வேன். அதில் எனக்கு எந்த வெட்கமும் கிடையாது.

போன வருடம் சென்னையிலிருந்து டப்பிங் இயக்குநர் போன் செய்தார். "அடுத்த பாகத்துல பையன் வளந்துட்டான் மேடம். ஒரு ஆம்பளக் குரல் போட்டாச்சு. நீங்க அவனோட அம்மாவுக்குப் பேசுங்களேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர்தான், "பையனுக்கு மீச மொளச்சா சந்தோசப்படுவாங்க. நீ மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கிறியே" என்று கிண்டல் செய்தார். அவன் பக்கத்திலாவது இருக்கலாமே என்று ஒப்புக்கொண்டேன்.

வீட்டிலேயே ஒலிப்பதிவு. ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருவேன். எங்கள் ஊர் ஜங்ஷனில் ரயில் ஊதினால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இயக்குநர் சென்னையில் இருந்தபடி ஹெட்போனில் பேசுவார். இப்போதெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் பேசுகிறோம். எதிராளி ஏற்கெனவே பேசி வைத்தது காதில் மட்டும் கேட்கும்.

அம்மா மகனைப் போருக்கு அனுப்பும் காட்சி. திரையில் அவன் வாய் திறந்தது. பழக்கதோஷம், நானும் திறந்துவிட்டேன். "அம்மா" என்று இரண்டு குரல்கள் சேர்ந்து வந்தன. அடுத்த தடவையும் அதே கதை.

"மேடம், அது உங்க வசனம் இல்லைங்க" என்றார் இயக்குநர், மெதுவாக. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த தடவை வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவன் பேசுவதைக் கேட்டேன். முன்பின் பார்த்திராத யாரோ ஒருவருடைய குரல். நன்றாகவே இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

என் வசனம் 'போ' என்ற ஒரே சொல். அம்மாவின் வாய் அசைவுக்கு அதற்குமேல் இடமில்லை. நான் "போயிட்டு வா" என்றேன்.

"நீளுதுங்க. அதோட அவன் திரும்பி வர மாட்டான், அது அம்மாவுக்கே தெரியும்."

"தெரிஞ்சா மட்டும்? வாசப்படி தாண்டுற புள்ளய எவளாவது வெறுமனே போன்னு சொல்லுவாளாங்க?"

"சரி, அவ முகம் திரும்பினதும் சொல்லுங்க. முதுகு தெரியிற இடத்துல வாய் அசைவு பாக்க வேணாம்" என்றார். அப்படியே சொன்னேன். பதிலுக்கு அந்தக் குரல் "சரிம்மா" என்றது. காட்சி முடிந்தது.

சில மாதங்கள் கழித்து அந்தப் பாகம் வெளியானபோது நானும் கணவரும் சேர்ந்து பார்த்தோம். முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா "போயிட்டு வா" என்றாள். படியிறங்கிப் போகிறவன் நின்றான். 'சரிம்மா' வரவில்லை. யாரோ அந்தக் குரலுக்குரிய மனிதரை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அவரும் வந்து பேசிக் கொடுத்திருக்கிறார்.

"போயிட்டு வரேம்மா" என்றான் என் பையன்.