தேள் யார்?

பேஸ் கிட்டார்காரரை ஸ்டுடியோவில் எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். சோப்பு விளம்பரமோ சினிமாப் பாட்டோ, இசைக்குறிப்புத் தாளை முன்னால் வைத்தால் வாசித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வீட்டிலும் அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

இளவயதில் ஒரே ஒருமுறை, அவரும் இன்னும் மூன்று வாத்தியக்காரர்களும் ஸ்டுடியோ சும்மா கிடந்த மத்தியானங்களில் ஒரு ராக் ஆல்பம் போட்டார்கள். வெளியே வாசித்தால் வேலை போய்விடும் என்று இசையமைப்பாளர் மிரட்டி வைத்திருந்ததால், அட்டையில் சொந்தப் பேருக்குப் பதிலாக ஆமை, பல்லி, வௌவால், தேள் என்று போட்டுக்கொண்டார்கள். ஆல்பம் போணியாகவில்லை. ஒல்லியும் மறந்துபோனார்.

பல வருஷம் கழித்து அது எப்படியோ இளசுகளிடையே பிய்த்துக்கொண்டு போயிற்று. வானொலியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"சார், மூணாவது பாட்டுல தேள் ஒரு கத்து கத்துவாரே, உயிரே போயிடும்! அது நீங்கதானே?"

ஒல்லி தலையைச் சொறிந்தார். "நாலு பேரும் பாடினோம்மா. வாத்தியத்தைக்கூட மாத்தி மாத்தி வாசிச்சோம்."

"அப்ப நீங்க யாரு சார்?"

"அதான் தெரியலை."

"கல்யாணமான நாள்லேருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அந்தப் பெண் பாட்டைப் போட்டுக் காட்டினாள். ஒருதரம் கேட்டால் தன் குரல்; இன்னொரு தரம் கேட்டால் யாரோ. மண்டை குழம்பிப்போய், உயிரோடு மிச்சமிருந்த ஒரே கூட்டாளியான டிரம்ஸ்காரருக்குப் போன் போட்டார்.

"டேய், தேள் யாருடா?"

"நான்தான்!"

"நீ ஆமை இல்ல?"

"ஆமை நீதான்டா... இரு, இரு. நம்ம கீபோர்டுக்காரன் செத்துப்போனானே, அவன் பொண்டாட்டி அவன் படத்துக்குக் கீழேயே 'தேள்'னு எழுதி மாட்டியிருக்கா. என்கிட்டயே காட்டினா."

ஒல்லி போனை வைத்தார்.

"தேள் செத்துப்போன எங்க கீபோர்டுக்காரன்தாம்மா. அப்படியே சொல்லிடுங்க. எங்க பேர் வேண்டாம்."

அவள் போனபின் படுக்கையறைக்குள் போய் ஜன்னல்களைச் சாத்தினார். மூச்சை இழுத்துப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினார்.

மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "ஐயோ, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லை. எப்படி இருந்துச்சு?"

அவள் அவரையே உற்றுப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் கத்துங்க" என்றாள்.