அண்டா கேட்ட சம்பந்தியம்மா

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடம் வென்ற நாடுகள் என்னென்ன கேட்டன என்று நான் கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்த மாணவி ஒருத்தி, சற்றும் தயங்காமல், "ஒரு அண்டா, ஒரு குண்டா, அப்பால ஒரு ஸ்கூட்டர், மிஸ்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து சிறிது சிறிதாக வடிந்து போயிற்று. இன்றும் பாத்திரக் கடை வாசலில் எவர்சில்வர் அண்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது அந்த முகம்தான்.

அப்போது நான் அஞ்சல் வழியில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டே, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த டுடோரியலில் தமிழ்ப் பாடம் எடுத்து வந்தேன். பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் மறுபடி தேர்வெழுதப் படிக்கும் இடம் அது. மாடி முழுவதும் ஒரே கூடம். நடுவே தட்டி கட்டி அறைகளாகப் பிரித்திருந்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு; அந்தப் பக்கம் வரலாற்று சாரின் வகுப்பு. என் பக்கத்தில் மின்விசிறியின் கறகறப்பு கேட்கும். அவர் பக்கத்திலிருந்து சிரிப்பு அலையலையாக வந்து தட்டியை அசைக்கும். நான் அதிகம் பேசாதவள். வகுப்பறையில் சிரிப்பு எழுந்தால் பாடம் எங்கோ கசிந்து போகிறது என்று நினைப்பவள். ஆனாலும் தட்டிக்கு அந்தப் பக்கம் காது கொடுக்காமல் நான் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை.

அவர் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வருபவர். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். ஐரோப்பியர்கள் இந்தியாவுக்கு வந்த பாடத்தை அவர் ஷேர் ஆட்டோவாக ஓட்டினார். "மொதல்ல போர்ச்சுகீசியன் வந்து ஜன்னலோரம் குந்திகினான். டச்சுக்காரன் இடிச்சிகினு ஏறுனான். இங்கிலீஷ்காரன் ஏறச்சொல்ல ஒன்னும் பேசல. பாதி வழில டிரைவரையே எறக்கிட்டான். பிரெஞ்சுக்காரன் பாவம், லேட்டு. கம்பியப் புடிச்சி தொங்கிகினே வந்தான்!" போருக்குப் பிந்தைய உடன்படிக்கையை அவர் கல்யாணப் பந்தலில் நடத்தினார். துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு பிரான்ஸ் சம்பந்தியம்மாவாகி, "அண்டா எங்க? குண்டா எங்க? ஸ்கூட்டர் இன்னாச்சி?" என்று அவர் கைநீட்டிக் கேட்ட நாளில் கீழே மருந்துக் கடைக்காரர் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மதுராந்தகத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் அவர் வகுப்பையும் நானே திருப்புதல் பார்க்கும்படி தாளாளர் சொல்லியிருந்தார். அப்படித்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

இடைவேளையில் அவள் மாடிப்படியில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். படாளத்திலிருந்து வரும் பெண். மூன்றாம் முறையாகத் தேர்வெழுதுகிறாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்போ அண்டா கெடையாதா, மிஸ்?" என்று கேட்டாள்.

கேலி செய்கிறாள் என்றே முதலில் எண்ணினேன். அவள் கண்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவள் உண்மையாகவே கேட்டாள்.

"சார் விளையாட்டாகச் சொன்னது அது. நீ சிரித்தாயே?"

"எல்லாரும் சிரிச்சாங்கோ, நானும் சிரிச்சேன். எங்க அக்கா கல்யாணத்துல அண்டாவுக்குத்தான மிஸ் சண்டையே. மாப்ள வூட்டுக்காரங்க பந்தல்லயே எழுந்து நின்னுட்டாங்கோ. எங்கப்பா கரும்புக் காட்ட அடமானம் வச்சித்தான் தாலி ஏறுச்சி. அதான், இதுல இன்னா சிரிப்பு கீதுன்னு எனக்குப் புரியல."

அந்தப் பாடம் முழுவதிலும் அவளுக்கு விளக்கம் தேவைப்படாத ஒரே இடம் அதுதான். ஓர் அண்டாவுக்காக ஒரு குடும்பம் கூனிக் குறுகுவதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்; அதே காரணத்தால் ஒரு நாடும் குறுகியிருக்கும் என்பதில் அவளுக்கு ஐயமே எழவில்லை. மற்றவர்கள் சிரித்தது ஏன் என்பதுதான் அவளுக்கு விளங்காத பாடம். அவள் தொடர்ந்தாள்: "இந்த வாட்டியும் போச்சின்னா எங்கப்பா படிப்பே வாணாங்குறாரு, மிஸ். காட்டு வேலைக்கு வந்துடுன்றாரு. பத்தாவது பாஸ் பண்ணா மறைமலைநகர் கம்பெனில எடுத்துப்பாங்கோ. பஸ்ஸு எங்க ஊரு வழியாத்தான் போவுது."

வரலாற்று சார் மூன்று மணிக்கு நெற்றியில் சந்தனத்தோடு, கையில் ஒரு லட்டுப் பொட்டலத்தோடு வந்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். முதலில் சிரிக்கத் தொடங்கினார், பாதியில் நின்றுவிட்டார். பொட்டலத்தை மேசையில் வைத்தவர் அதைப் பிரிக்கவே இல்லை.

"யாரு, அந்தப் படாளத்துப் பொண்ணா? இன்னா மேடம் சொல்றீங்க? நான் அவ மூஞ்சியப் பாத்துத்தானே பாடமே எடுக்கறேன். எல்லாரும் சிரிச்சி முடிச்ச அப்புறமும் அவ சிரிச்சிகினு இருப்பா. இவளுக்குத்தான் ஆழமா எறங்குச்சின்னு நெனச்சி அடுத்த பாராவுக்குப் போவேன்."

அவள் சிரிப்பு கடைசியில் வந்ததற்குக் காரணம், அது மற்றவர்களைப் பார்த்துத் தொடங்கிய சிரிப்பு என்பதை இருவருமே அப்போதுதான் உணர்ந்தோம். அவர் நாற்காலியில் அமர்ந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். சந்தனமும் சேர்ந்து போய்விட்டது. "நாளையிலேர்ந்து ஜோக்கே கெடையாது, மேடம். உங்கள மாதிரியே எடுக்கறேன்" என்றார். எனக்கு அது வெற்றியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அன்று காலை அதே பெண் ஐரோப்பியர் வந்த வரிசையை ஒன்றுகூடப் பிசகாமல், யார் ஜன்னலோரம், யார் கம்பியில் என்பது வரை சொல்லியிருந்தாள். என் வகுப்பில் எதையும் அவள் அப்படிச் சொன்னதில்லை. இதை அவரிடம் சொல்ல முயன்றேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து இறங்கியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் தவக் காட்சி செதுக்கிய பெரிய பாறையின் முன் கால்கள் தாமாக நின்றன. அங்கே ஒரு பூனை, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, விலா எலும்பு தெரியத் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன. அன்றும் ஒரு பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் அதைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. மேலே ஒற்றைக் காலில் நிற்கும் அந்தத் தவசி யார் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்தில்லை. பூனையைப் பற்றி மட்டும் யாருக்கும் ஐயமில்லை. நான் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த அந்தப் பாறை அன்று என்னைத் திடுக்கிட வைத்தது: பாடம் மறந்து வேடிக்கை மட்டும் நின்றுவிட்டது. ஆனால் இன்னும் சற்று நேரம் நின்று பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. சிற்பி பூனையை எங்கோ ஒரு மூலையில் தனியாக வைக்கவில்லை. தவசியின் கைகள் எப்படி உயர்ந்திருக்கின்றனவோ அப்படியே பூனையின் கைகளும் உயர்ந்திருக்கின்றன. பூனையைப் பார்த்துச் சிரித்தவன் மெய்யான தவம் எது என்று ஒருமுறையாவது தலை தூக்கித் தேடியாக வேண்டும். சாரின் ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் அந்த வரிசையிலேயே கடலைக் கடந்தும் வந்தவர்கள். அண்டாவிலோ, தலை தூக்கித் தேடினால் கிடைக்க, ஜெர்மனி கொடுத்தது எதுவுமே இல்லை.

இப்போது நான் ஆய்வு மாணவி. கருத்தரங்குகளில் நகைச்சுவையைப் பற்றிக் கட்டுரை படிப்பவர்கள் கைதட்டல் பெறும்போது, எந்தச் சிரிப்பு கடைசியில் வருகிறது என்று அரங்கின் பின்வரிசையைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பெண் அந்த முறை தேறினாள்; பெரிய மதிப்பெண் ஒன்றுமில்லை. மகேந்திரா சிட்டியைத் தாண்டும்போது ஒருநாள் கம்பெனிப் பேருந்தின் ஜன்னலோரத்தில் அவளைப் பார்த்தேன். அவள் என்னைக் கண்டதும் ஜன்னல் கம்பியைத் தட்டி, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டினாள். போர்ச்சுகீசியனின் இடம்.

ஆனால் அது பின்னால். அந்தச் செவ்வாய் இரவு எனக்குச் சரியாக உறக்கமில்லை. மறுநாள் காலை, பரணிலிருந்து அம்மாவின் அண்டாவை இறக்கினேன். "இன்னாடி, எங்க எடுத்துகினு போற?" என்ற அம்மாவுக்கு, "வகுப்புக்கு" என்று மட்டும் சொன்னேன். முச்சந்தியில் இஸ்திரி போடுபவரிடம் ஒரு கைப்பிடி கரி வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். பேருந்தில் நடத்துநர், "இன்னா மேடம், சீர்வரிசையா? அண்டாவுக்குத் தனி டிக்கெட்டு" என்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் எரிந்தது, ஆனால் இறங்கவில்லை.

வரலாற்று சார் கரும்பலகையில் உடன்படிக்கையின் விதிகளை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். வகுப்பு செத்துக் கிடந்தது. அண்டாவை அவர் மேசைமீது வைத்தேன். அவர் சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றார். கடைசி பெஞ்சிலிருந்து அவளை அழைத்து, "நீதான் பெண் வீடு. ஜெர்மனி. சார் எழுதியிருப்பதைப் படித்து, கொடுத்தாக வேண்டியதை ஒவ்வொன்றாக இதில் போடு" என்றேன். கப்பல்களுக்காக, இரவில் நான் மடித்துவைத்த காகிதக் கப்பல் ஒன்று. குடியேற்ற நாடுகளுக்காகக் கிழிந்த உலக வரைபடம். கடைசியாகக் கரி.

அவள் பலகையைப் பார்த்தாள், கரியைப் பார்த்தாள். "நிலக்கரிச் சுரங்கம்" என்று சொல்லிப் போட்டாள். அண்டா கணீரென்று ஒலித்தது. விரல்களில் ஒட்டிய கறுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "அடப்பாவிங்களா! அண்டா கேக்கலியா? அடுப்பையே புடிங்கிகினு போயிட்டானுங்களே!" என்றாள்.

நான் யார் முகத்தையும் பார்க்காமல், காது மட்டும் கொடுத்து நின்றேன். முதலில் வந்த சிரிப்பு அவளுடையது.