ஷென்யாங்கில் இருட்டினால் செஞ்சியில் பட்டினி

காலையில் கிளறி எடுத்துவந்த எலுமிச்சை சாதம் கல்லாகிக் கிடந்தது. நீலாஞ்சனா டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். டொக்கு டொக்கென்று கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. கரண்டியால் குத்தினாள். கரண்டிதான் வளைந்தது. உறைந்துபோன ஏரிமேல் நின்று உறைந்துபோன சோற்றைக் குத்திக்கொண்டிருந்த செஞ்சிக்காரி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சுற்றிலும் திருவிழாக் கூட்டம். ஐஸை அறுத்துக் கோபுரம் கட்டியிருந்தார்கள், யானை செய்திருந்தார்கள், சறுக்குமரம் வைத்திருந்தார்கள். வயசான ஆம்பளைகள்கூடப் பிள்ளைகள் மாதிரி அதில் விழுந்து புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஷென்யாங் ஊரிலிருந்து பஸ் பிடித்து ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற வந்த கூட்டம் அது. நீலாஞ்சனாவை இழுத்துக்கொண்டு வந்தவள் லின். இருவருக்கும் ஒரே யோகா சென்டரில் வேலை. லின் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவள், நீலாஞ்சனா உள்ளே பாய் விரித்துச் சொல்லித்தருபவள்.

சீனாக்காரிக்கு யோகா சொல்லித்தர செஞ்சியிலிருந்து ஒருத்தி போக வேண்டுமா என்றால், போகத்தான் வேண்டும். செஞ்சியில் எவள் காசு கொடுத்துக் குனிந்து நிமிர்வாள்? வீட்டு வேலையிலேயே அது நடந்துவிடுகிறது.

"சோறு போனால் போகட்டும், வா, இங்கே எவ்வளவோ விற்கிறார்கள்" என்று அரைகுறை இங்கிலீஷில் லின் கூப்பிட்டாள்.

நீலாஞ்சனா சோற்றைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள். பொழுது மேற்கே சரிந்துவிட்டிருந்தது. அந்த ஊரில் மார்கழிச் சூரியன் சோம்பேறி. மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். அது மறைவதற்குள் அவள் ஏதாவது தின்றாக வேண்டும். தின்றதாக அம்மாவுக்குப் போன் பண்ணியாக வேண்டும். இல்லாவிட்டால் செஞ்சியில் அம்மா சாப்பிட மாட்டாள்.

அவர்கள் நயினார் வீடு. ஜைனர்கள். பொழுது சாய்ந்தபிறகு எதுவும் தின்னாத வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் பாரமாக இருந்ததில்லை. செஞ்சியில் வெயில் தாராளமாக அடிக்கிறது, ஆறு மணிக்குள் தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொள்ளலாம். நீலாஞ்சனா சீனாவுக்குப் போன புதிதில், கூட வேலை செய்பவர்கள் விருந்து வைத்தார்கள். முட்டைக்கோசும் பூசணியும்தான் வேகவைத்துத் தந்தார்கள், அவளும் பசியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள். மகள் தின்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள், மகளுக்குப் பின்னால் இருந்த சன்னலைப் பார்த்தாள். வெளியே கன்னங்கரேலென்று இருட்டு.

அம்மா ராஜமதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுநாளே மேல்சித்தாமூர் கோயிலுக்குப் பஸ் ஏறிப் போனாள். "என் மகள் ஊர் திரும்புகிற வரைக்கும், அவள் பொழுதோடு சாப்பிட்டேன் என்று தினமும் அவள் வாயால் சொல்லிக் கேட்ட பிறகுதான் என் வாயில் சோறு" என்று சாமி முன்னால் விரதம் எடுத்துவிட்டாள். சாமி முன்னால் சொன்னதை அந்த வீட்டில் யாரும் திருப்பி வாங்கிக்கொள்வதில்லை. ராஜமதிக்குச் சக்கரை வியாதி என்பது சாமிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அன்றிலிருந்து நீலாஞ்சனாவுக்கு ஊர் சுற்றுவதென்பதே போன் சிக்னல் தேடுவதுதான். பூங்காவுக்குப் போனாலும் கடைத்தெருவுக்குப் போனாலும் கண் வானத்தில், கை போனில். நம்ம வாட்ஸப் அங்கே ஓடாது. அவர்கள் போனில் பேசுகிற ஆப் இங்கே ஓடாது. நடுவில் விபிஎன் என்று ஒரு திருட்டு வாசல் இருக்கிறது. அது ஒருநாள் திறக்கும், ஒருநாள் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றச் சுற்ற இவளும் சிக்னல் தேடிச் சுற்றுவாள். வகுப்பு நடுவில் பாதிக் கூட்டத்தைத் தலைகீழாக நிற்க வைத்துவிட்டு வெளியே ஓடியிருக்கிறாள். சென்டர் முதலாளியம்மா வாங் ஒருமுறை பார்த்தாள். மறுமுறையும் பார்த்தாள். "இன்னொரு தரம் வகுப்பில் போனைத் தொட்டால் விசாவை ரத்து பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

வகுப்பு முடிவதற்குள் பொழுது போய்விடுகிற நாட்களில் நீலாஞ்சனா சாப்பிடாமலே "சாப்டேம்மா" என்று சொல்லிவிடுவாள். பொய்தான். ஒருத்தியாவது சாப்பிடட்டுமே.

லின் ஒரு கடையைக் காட்டினாள். பெரிய குண்டானில் சோளக்கதிர் வெந்துகொண்டிருந்தது, ஆவி பறந்தது. நீலாஞ்சனாவின் முகத்தில் அன்றைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கையை நீட்டினாள். கடைக்காரி கதிரை எடுக்க இடுக்கியை உள்ளே விட்டாள். கதிருக்கு முன்னால் விரல் நீளத்துக்குக் கறித்துண்டு ஒன்று மேலே மிதந்து வந்தது. இரண்டும் ஒரே தண்ணீரில் வெந்துகொண்டிருந்தன.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அடுத்த கடைக்கு ஓடினாள். அடுத்ததற்கு. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று சீறிக்கொண்டும் கொதித்துக்கொண்டும் இருந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஏரிக்கு அந்தப் பக்கம் பொழுது இறங்கிவிட்டது. உடனே ஐஸ் கோபுரத்துக்குள் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. சனம் ஓவென்று கத்தியது. நீலாஞ்சனா மட்டும் அழுதாள்.

சரி, இன்றைக்கும் பொய்தான் என்று போனை எடுத்தாள். போன் செத்துக் கிடந்தது. குளிர் அதன் உயிரை உறிஞ்சிவிட்டது. லின் தன் கோட்டுக்குள் வைத்துச் சூடு காட்டினாள், வாயால் ஊதினாள், ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும் வழியில் பனி கொட்டி, பஸ் ரோட்டிலேயே நின்றுவிட்டது. பஸ்ஸில் சார்ஜ் ஏற்றியதும் போன் எழுந்தது, விபிஎன் எழவில்லை. வட்டம் சுற்றியது. லின்னின் போனிலிருந்து நேராக நம்பர் போட்டார்கள். வெளிநாட்டுக்குப் போகாது என்று போனுக்குள்ளிருந்து ஒருத்தி சீன மொழியில் இனிமையாகச் சொன்னாள். செஞ்சியில் இப்போது வெயில் இருக்கும், இப்போது சாய்ந்திருக்கும், இப்போது பஸ் ஸ்டாண்டில் லைட் போட்டிருப்பார்கள் என்று நீலாஞ்சனா வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். லின்னுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

ரூமுக்கு வந்த பிறகுதான் விபிஎன் வாசல் திறந்தது. அண்ணன் குணபாலன் எடுத்தான்.

"எங்கடி போய் தொலைஞ்ச? மத்தியானத்துல இருந்து அடிச்சிக்கினே இருக்கேன்!"

"போன் செத்துப்போச்சுண்ணா, குளுருல. அம்மா சாப்டுச்சா?"

"சாப்டுச்சாவா? விழுந்துடுச்சு. காலையில மாத்திரைய மட்டும் போட்டுக்கினு உன் போனுக்குக் காத்துக்கினு இருந்துது. காயப்போட்ட துணிய எடுக்கப் போன எடத்துல பொத்துனு சாஞ்சிருக்குது. பக்கத்தூட்டு சின்னப்பொண்ணக்கா பாத்து கத்துனாங்களோ, நான் கடைய வுட்டு ஓடியாந்தேனோ, பொழச்சுது."

"இப்ப எப்படி இருக்குது?"

"டாக்டர் ஊட்டுக்கே வந்து குளுக்கோஸ் ஏத்துனாரு. நெனப்பு இல்லாதப்ப ஏத்துனதால தப்பிச்சாரு. நெனப்பு இருந்திருந்தா ஊசிய புடுங்கி அவரு மேலயே குத்தியிருக்கும். வாய் வழியா ஏதாவது போவணும், மறுபடி சக்கரை எறங்குனா கஷ்டம்னு சொல்லிட்டுப் போனாரு. பால வெச்சிக்கினு நிக்கிறேன், பல்ல கடிச்சிக்கினு படுத்திருக்குது. நீயே கேளு."

போன் கைமாறியது. ராஜமதியின் முகம் வெளுத்துப்போய், சுருங்கிப்போய், தலையணையில் ஒட்டிக்கிடந்தது. வந்த முதல் வார்த்தை எப்போதும் வருகிற அதே வார்த்தைதான்.

"சாப்டியா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ நாள் சொன்னவள்தானே. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"இல்லம்மா. சோறு ஐஸாயிடுச்சு."

"நேத்து?"

"நேத்து சாப்டேன்."

"முந்தாநேத்து?"

நீலாஞ்சனா கண்ணைப் போனிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி" என்றாள் ராஜமதி. கத்தக்கூடத் தெம்பில்லை. "நீ அங்க பட்டினி கெடக்க, நான் இங்க வழிச்சி வழிச்சி தின்னுக்கினு இருந்தனா? போச்சு, என் வெரதமே போச்சு. இனிமே உன் வாயிச் சொல்லு எனக்கு வாணாம். நீ திங்கறத என் கண்ணால பாக்கணும். அதுக்கப்புறம்தான் நான். சாமி சாட்சி."

"அம்மா, நீ பாலக் குடிம்மா. செத்துடுவம்மா."

"செத்தா சாவுறேன்."

அப்போதுதான் நீலாஞ்சனாவுக்கு வெறி வந்தது. அம்மாவைப் பெற்றவளைப் போல ஒரு அதட்டல் போட்டாள். "அப்போ நீயும் கேட்டுக்க! அருகனைக் கும்புட்டுச் சொல்றேன். நீ ஒரு வாய் முழுங்கறத நான் பாக்குற வரைக்கும் என் வாயில பச்சத்தண்ணி படாது. எனக்கும் சாமி சாட்சி!"

குணபாலன்தான் முதலில் பேசினான்.

"நல்லா இருக்குதுடி. இவ தின்னாத்தான் அது திங்கும். அது தின்னாத்தான் இவ திம்பா. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கொள்ளி போட வுட்டுருவீங்க."

விரதத்தை விரதத்தால் அடித்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்துச் சொல்வதில்லை. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்? அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பயம் வந்துவிட்டிருந்தது. இரண்டு பேருமே அதை ஒத்துக்கொள்ளவில்லை.

வாசற்படியில் நின்ற சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் ராத்திரி கருவாட்டுக் குழம்பு தின்று ஏப்பம் விடுகிறவர்கள். இந்தக் கணக்கெல்லாம் அவளுக்கு எரிச்சல்.

"இன்னா பெரிய பஞ்சாயத்து? போன நடுவுல வெச்சிக்கினு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாயில வெச்சித் தொலைங்களேன்!"

ராஜமதி சன்னல் பக்கம் பார்த்தாள். "சரி. ஆனா இருட்டுல இல்ல. விடியட்டும்."

விடிகிற வரைக்கும் அண்ணன் தங்கை இருவரும் கண்ணை மூடவில்லை. அவன் அம்மாவின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான், இவள் அவன் அனுப்புகிற செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷென்யாங்கில்தான் முதலில் விடிந்தது. நீலாஞ்சனா கஞ்சி காய்ச்சி பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, போனை சன்னலுக்கு நேரே திருப்பினாள். "பாரும்மா, பொழுது வந்துடுச்சு. ரெண்டு ஊருக்கும் ஒரே சூரியன்தானேம்மா. குடிம்மா."

"அது உன் ஊரு பொழுது" என்றாள் ராஜமதி. நாக்கு குழறியது. "எனக்கு இன்னும் வரல."

குணபாலன் குரலைத் தாழ்த்தி, "கை நடுங்குதுடி அதுக்கு. வேர்க்குது" என்றான்.

செஞ்சி விடிகிற நேரமும் நீலாஞ்சனாவின் முதல் வகுப்பும் ஒன்று. அவள் யோகா சென்டருக்குப் போனாள். உள்ளே பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் துணி மாற்றும் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பிளாஸ்க் மூடியில் கஞ்சியை ஊற்றித் தரையில் உட்கார்ந்தாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "திற, திற, திற" என்று போனைக் கும்பிட்டாள்.

திறந்தது. அம்மாவை மாடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியது. சின்னப்பொண்ணு முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தாள். பின்னால் ராஜகிரி மலையின் உச்சியில் மட்டும் மஞ்சள் வெயில் ஏறியிருந்தது.

"வெயில் வந்துடுச்சும்மா! மலை மேல பாரு! குடிம்மா!"

"மலைக்கு வந்தது மலைக்கு. என் மேல படட்டும்."

கதவைத் தட்டினார்கள். முதலாளியம்மா வாங்கின் குரல். நீலாஞ்சனா அசையவில்லை. மறுபடி தட்டினார்கள், இந்தமுறை உள்ளங்கையால். வெயில் மலையிலிருந்து இறங்கியது. தென்னைமரத்துக்கு வந்தது. மாடிச் சுவரைப் பிடித்தது. ராஜமதியின் கண் சொருகியது.

"யக்கா! நயினாரூட்டு அக்கா! முழிச்சிக்க!" என்று சின்னப்பொண்ணு கன்னத்தில் தட்டினாள். அப்போதுதான் வெயில் அந்தக் கன்னத்தில் விழுந்தது. "பட்டுடுச்சு! பாப்பா, எடுடி! ம், ரெண்டு பேரும் வாயில வைங்க!"

அங்கே டம்ளர் பல்லில் இடித்தது. இங்கே மூடி உதட்டில் இடித்தது. இருவர் தொண்டையும் ஒன்றாக ஏறி இறங்கின. ராஜமதி பாதிப் பாலைப் புடவையில் ஊற்றிக்கொண்டாள், மீதி உள்ளே போனது.

"வாயத் தொற" என்றாள் மகளைப் பார்த்து. மகள் திறந்து காட்டினாள். "நீயும் தொற." அம்மாவும் திறந்து காட்டினாள்.

நீலாஞ்சனா தாழ்ப்பாளை எடுத்தாள். வாங் வாசலில் நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் காத்திருக்கிற முகங்கள். வாங் இவள் கையில் இருந்த போனைப் பார்த்தாள், முகவாயில் வழிந்த கஞ்சியைப் பார்த்தாள். திரும்பி லின்னிடம் ஏதோ சொன்னாள். லின் தலையைக் குனிந்துகொண்டாள்.

போனில் அம்மாவுக்குக் கொஞ்சம் குரல் வந்திருந்தது. "நாளைக்கும் இதே நேரத்துக்குப் போடு. பாத்துத்தான் சாப்புடணும். வெரதம் ரெண்டு பேருக்கும் இல்ல?"

நாளைக்கு எந்த ஊரில் இருப்போம் என்றே நீலாஞ்சனாவுக்குத் தெரியவில்லை. "சரிம்மா" என்றாள்.

டம்ளரில் இன்னும் பால் இருந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் வாங் நிற்க நிற்க, நீலாஞ்சனா அடுத்த வாய் கஞ்சியைக் குடித்தாள். அவள் குடிக்காவிட்டால் அங்கே டம்ளர் அசையாது.