வலையை விடுங்க, ரிப்போர்ட் வந்தாச்சு!

ஊசி குத்துகிறவளைத் தேடி யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்த உங்களுக்கே அது தெரியும். புதுவாயலில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுப்பவள் நான்.

பித்தம்

ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் சீட்டை நீட்டினார். "ஈரல் நல்லா இருக்கான்னு பார்க்க, பித்த அமில டெஸ்ட் எழுதியிருக்காங்க" என்றேன். கையை இழுத்துக்கொண்டார்.

"பித்தம் கீதான்னு பாக்க ரத்தம் இன்னாத்துக்கும்மா? என் பொண்டாட்டியக் கேளு, சொல்லிடுவா!"

சாப்பிட்டு வாங்க

ஈரல் சுரக்கிற பித்த அமிலம், சாப்பாட்டைச் செரிக்கவைத்துவிட்டு ஈரலுக்கே திரும்ப வேண்டும். ஈரல் சோர்ந்துபோனால் அது ரத்தத்தில் தேங்கிவிடும். அதனால் சிலருக்கு வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டபின் ஒரு முறை ரத்தம் எடுப்போம். இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் முருகேசனிடம், "நாஷ்டா முடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்றேன். மனிதர் மீசையில் சாம்பாரோடு திரும்பி வந்தார்.

"எல்லாரும் அத்த துன்னாத, இத்த துன்னாதன்றாங்க. துன்னுட்டு வான்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா!"

உள்ளங்கை அரிப்பு

செல்விக்கு எட்டாவது மாதம். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் சொறிந்த கோடுகள். தடிப்பு மட்டும் இல்லை. "கை அரிச்சா டப்பு வரும்னு அத்தை சொல்லுதுக்கா" என்று சிரித்தாள். லேபை ஒட்டிய கிளினிக்கில் அவளைப் பார்க்கும் டாக்டரம்மா சிரிக்கவில்லை. பித்த அமிலம் பார்க்கச் சொன்னார். ரத்தம் சென்னைக்குப் போனது.

மறுநாள் மதியம் ரிப்போர்ட் வந்தது. இருக்கவேண்டிய அளவைப்போலப் பல மடங்கு! வயிற்றுப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. "உடனே அட்மிட் ஆகணும்" என்றார் டாக்டரம்மா. செல்வியின் போன் அணைந்திருந்தது. அவள் புருஷனுக்கு அடித்தேன். ஐந்தாவது தடவை எடுத்தார், படகில் இருந்தார்.

"இப்பதாங்க வலை போட்டேன்..."

"வலையை விடுங்க! செல்வியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க!" நான் கத்தியதில் லேபே எழுந்து நின்றது.

மாலைக்குள் சேர்த்துவிட்டார்கள். சில நாள் மருந்து கொடுத்துக் கண்காணித்து, தேதிக்கு முன்பே பிரசவம் பார்த்தார்கள். அன்று செல்வியே கூப்பிட்டாள். பின்னால் குழந்தையின் வீறல்! எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அக்கா, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா கீறோம். வலையக் காணோம்னு இவருதான் பேஜாரு பண்ணிக்கினு கீறாரு!"

ஈரலுக்கு வாய் கிடையாது. அதற்காகக் கத்திக் கத்தி எங்கள் தொண்டைதான் போகிறது.