எங்கள் கொல்லையில் ஒல்லாந்தர்

2014 மார்ச்சில், காடாம்புலியூரிலிருந்து வாங்கிவந்த பலாக்கன்றுக்காக எங்கள் நெய்வேலி குவாட்டர்ஸ் கொல்லைப்பக்கம் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி எதிலோ ணங்கென்று மோதியது. எடுத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை பெல்ட் பக்கிள். நடுவில் பிடரி சிலிர்த்த சிங்கமுகம், சுற்றிலும் கொடிவேலைப்பாடு, பின்புறம் ஒரு கொக்கி. சிங்கத்தின் வாயோரம் இரண்டு பக்கமும் துளை இருந்தது.

கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூடக் காலண்டரில் குறித்துவைக்கும் ஆள் நான். இப்படியொரு பொருள் கிடைத்தால் சும்மா இருப்பேனா? கன்றை நிழலில் போட்டுவிட்டு அளவுநாடாவைக் கொண்டுவந்தேன். இவ்வளவு மண் மூட வேண்டுமென்றால் எப்படியும் இருநூறு வருடம் ஆகியிருக்கும் என்று முடிவு கட்டினேன். முதலில் அதைப் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தேன். பிறகு, ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர் முத்திரையில் சிங்கம் உண்டு என்று படித்ததும், ஒரே மாலையில் அவர்களிடமிருந்து பிடுங்கிப் பரங்கிப்பேட்டை ஒல்லாந்தர்களிடம் ஒப்படைத்தேன். துளைகளில் மாணிக்கம் பதித்திருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தேன்.

"ஒல்லாந்தர் பெல்ட்ட அவுத்துப் போட்டுட்டுப் போறாருன்னா, நம்ம கொல்லையில அவருக்கு என்னங்க வேலை?" என்றாள் மனைவி. வரலாறு அறியாத கேள்வி என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் அதுவரை நான் பேசியதில்லை. பேசுகிறவர்களின் தேதிகளைத் திருத்தியதோடு சரி. எழுந்து, "ஐயா, அது ஜூன் இல்லை, ஜூலை" என்பேன். அதனாலேயே எனக்கு அங்கே நண்பர்கள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை 'நெய்வேலியில் ஒல்லாந்தர்' என்று நான் பேசப்போவதாக அறிவிப்பு ஒட்டியதும், என்னிடம் திருத்தம் வாங்கிய அத்தனை பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். என் மானம் முழுக்க அந்தச் சிங்கத்தின் கையில் இருந்தது.

சனிக்கிழமை, பக்கத்துக் குவாட்டர்ஸ் டீச்சர் கறிவேப்பிலைக்கு வந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர். நாங்கள் குடிவருவதற்கு முன் எங்கள் குவாட்டர்ஸில்தான் அவர் குடும்பம் இருந்தது. பெருமையாக பக்கிளைக் காட்டினேன்.

"ஐயோ சார், இது எங்க வூட்டுக்காரரோடது! மாதா கோயில்ல பெரிய வெள்ளி நாடகத்துல அவருதான ரோமப் படைத்தலைவரு? இது தொலைஞ்சதுலேருந்து இடுப்புல கயிறு கட்டிக்கினு நிக்கிறாரு."

"டீச்சர், இது முழங்கால் ஆழத்துல கிடைச்சுது."

"கிடைக்கும் சார். வாழமரம் சரியா வரலன்னு அந்தக் குழிய நாங்கதான் வெட்டினோம். லாரில செம்மண் வாங்கி ரொப்பினோம். அப்ப வுழுந்திருக்கும்."

"சிங்கம்?"

"கும்பகோணத்துல வாங்கின கதவுக் கைப்பிடிங்க. வாயில இருந்த வளையத்தக் கழட்டிட்டு, பின்னால கொக்கி பத்தவச்சிக்கினாரு."

மாணிக்கங்கள் அந்தக் கணமே உதிர்ந்தன. பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணையெல்லாம் அள்ளி இடம் மாற்றிப்போடும் ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு, ஆழத்தை வைத்து ஒரு பொருளுக்கு வயது சொல்ல என்னால்தான் முடியும்.

என் முகத்தைப் பார்த்து டீச்சருக்கே பாவமாகிவிட்டது. "நாளைக்கிப் பேசிட்டே குடுங்க சார். நான் மூச்சு வுட மாட்டேன்."

யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படைத்தலைவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன ஷிப்ட் என்றுகூட விசாரித்தேன். ஆனால் தப்பென்று தெரிந்த ஒரு தேதியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது, குளியலறையில் தனியாக நின்றுகொண்டே எனக்கு நாக்குக் குழறியது.

ஞாயிறு மாலை மேடையேறி உள்ளதைச் சொன்னேன். மாணிக்கம் வரைக்கும் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்த உரை, மைக் சரியாவதற்கு ஆன நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சிரித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜூனை ஜூலை ஆக்கி நான் உட்காரவைத்த பெரியவர் அப்போது எழுந்தார்.

"சரிங்க. அந்தக் குழிய ரொப்பினது எந்த வருஷம்?"

"டீச்சர் பையன் பத்தாவது எழுதின வருஷம்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் உட்காரவில்லை. "மாசம்?" என்றார்.